மந்தைவெளியின் முதல் கார்ட்லெஸ் ஃபோன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனால் என்ன குறைந்துவிட்டது? தி. நகரில் சொந்தமாக எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்தேன், மந்தைவெளியில் வீடு கட்டினேன். எங்கள் தெருவில் முதல் கார்ட்லெஸ் ஃபோனும் என் கையில்தான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அது சின்ன விஷயமா? சிங்கப்பூர் சரக்கு. ஏரியலை நீளமாக இழுத்துவிட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி பேசுவேன். நாலு பேர் பார்க்கட்டுமே என்றுதான்.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கும்போது கையில் வந்த சரக்கெல்லாம் நழுவத் தொடங்கியது. கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் புது மாதிரி டிபன் கேரியர் செய்கிறார் என்று தெரிந்ததும், மொத்தத்தையும் எனக்கே கொடுங்கள் என்று மாடியிலிருந்து பேசி முடித்தேன். மறுநாள் போனால், எதிர்க்கடைக்காரனின் வேன் முந்திக்கொண்டு வந்து ஏற்றிப் போய்விட்டிருந்தது. அடுத்து இட்லிப் பானையிலும் அதே கதை.

இதெல்லாம் தெரிந்தவன் என் மச்சினன் ஒருவன்தான். என் மனைவியின் தம்பி. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து எங்கள் வீட்டிலேயே தங்கி, கல்லாவைப் பார்த்துக்கொண்டவன். எதிர்க்கடை ஆளோடு அவன் நின்று காபி குடித்தால்கூட என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு நாள் கடை ஆட்கள் எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

“அவன்கிட்ட எவ்வளவுக்குலே விலை போன?”

அவன் கல்லாச் சாவியை மேசைமேல் வைத்தான். “நான் ஊருக்குப் போறேன், அத்தான்.”

என் மனைவிதான் அவனை இரண்டு நாள் நிறுத்திவைத்தாள். “தம்பி பஸ் ஏறினா, பக்கத்து சீட்டுல நான் இருப்பேன்” என்று என்னிடம் சொன்னவள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

எனக்கு வேறு சந்தேகமும் வந்தது. டெலிபோன் லைன்மேனை வரவழைத்துக் கம்பத்தில் ஏற்றினேன். “இன்னா நைனா, வயர்ல ஒருத்தனும் கை வெக்கல. லைனு நல்லாத்தான் கீது” என்று இறங்கினான். அவனையும் நான் முழுசாக நம்பவில்லை.

பெரிய படிப்பாளிக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. நேரில் கிண்டிக்குப் போய்ப் பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலம் மனைவியும் மச்சினனும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாடியில் நின்று, “நாளைக்குக் காலையில ஒரு லோடு குத்துவிளக்கு எடுத்துக்கிறேன்” என்று அவருக்கு ஃபோனில் கத்தினேன். அந்தப் பட்டறையில் குத்துவிளக்கே செய்வதில்லை.

விடிந்ததும் எதிர்க்கடை வேன் பட்டறை வாசலில் வந்து நின்று குத்துவிளக்கு கேட்டதாம்!

அப்படியானால் மச்சினன் இல்லை. பின்னே யார்? யோசித்தபடி வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டு மாமி மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

“என்ன மாமா, குத்துவிளக்கு வந்துடுத்தா? எனக்கு ஒரு ஜோடி எடுத்து வையுங்கோ.”

“உங்களுக்கு யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? உங்களைப் பாத்துட்டுத்தானே எங்காத்துலயும் அதே ஃபோன் வாங்கினோம். எடுத்தாலே உங்க குரல்தான் கேக்கறது. நன்னாப் பொழுது போறது, போங்கோ! எங்காத்து மாடி போர்ஷன்ல குடியிருக்கறவர் ஃபோன் பண்ண வந்தா, அவரும் சித்த கேட்டுண்டுதான் போறார்.”

அந்த மாடி போர்ஷன்காரர் எதிர்க்கடையில் கணக்கு எழுதுகிறவர்.

உள்ளே ஓடினேன். மச்சினன் பெட்டியைக் கட்டிவிட்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அசையவில்லை.

“திருடன்னு ஊரறியச் சொன்னியளே. இல்லன்னு மட்டும் ரூமுக்குள்ள வச்சுச் சொன்னா ஆச்சா, அத்தான்?”

ஃபோனை என் கையில் திணித்து மாடிக்குக் கூட்டிப்போனான். “இதுல பேசினாத் தெருவுக்கே கேக்குல்லா? சொல்லுங்க.”

ஏரியலை இழுத்துவிட்டேன். “என் மச்சினன் திருடன் இல்ல. அவனை மாதிரி நம்பிக்கையான ஆளு என் கடையில வேற கிடையாது” என்றேன்.

“கேட்டுடுத்து மாமா!” பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து மாமியின் குரல் வந்தது. “இன்னொரு தரம் சொல்லுங்கோ, மாடிக்காரரையும் கூப்பிடறேன்.”

மச்சினன் அப்போதுதான் சிரித்தான். பெட்டியைப் பிரிக்கக் கீழே இறங்கிப்போனான். மாடி போர்ஷன் ஜன்னலில் திரை லேசாக ஆடியது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு தரம் சொன்னேன், இன்னும் சத்தமாக.