அக்கா கால் அளந்த நூல்

அக்கா தன் வீங்கிய காலை அளந்துவந்த நூலை, அவருக்குத் தெரியாமல் மாற்றி வைத்தவன் நான்தான். தேர்த் திருவிழாவில் கோமாளி வேஷம் கட்டுகிறவன் வீட்டிலும் அதைக் கழற்றாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும். இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் சொந்தங்களிடம் இதை மறைத்துவிட்டு என்னால் அக்காவைப் பற்றி எழுத முடியவில்லை.

அக்கா கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தார். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். அப்புத்தளை மலையில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தார். சீனி வியாதியும் பிரஷரும் வந்த பின்னால் இடது காலும் வீங்கி, வற்றாமலே நின்றுவிட்டது. பதுளை கிளினிக்கில் தாதி ஒருவர் பழக்கிவிட்டதை ஒரு நாளும் அக்கா தவறவிட்டதில்லை. காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, விரலிலிருந்து முழங்கால்வரை துணி சுற்றுவார். சுற்றுமுன், வீக்கம் குறைந்த நாளில் அளவெடுத்து வெட்டிய ஒரு நூலைக் கணுக்காலுக்கு மேல் சுற்றிப் பார்ப்பார். முனைகள் சேர்ந்தால் வெளியே போவார். சேராவிட்டால் காலை உயர்த்திப் படுத்துவிடுவார். இரண்டு நாள் சேராவிட்டால் கிளினிக்.

தேருக்கு முதல் நாள் நூல் சேரவில்லை. இந்த வருஷம் நீ ஆடுவதைப் பார்க்க வரமாட்டேன் என்றார். அக்கா சிரிக்காத கூட்டத்தில் எனக்கு ஆட வராது. அதே நிறத்தில், அதைவிட இரண்டு விரல் நீளம் கூடிய நூலொன்றை அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் முனைகள் சேர்ந்தன. அக்கா காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கேடா. ஆனா நூல் சேருது."

"நூல் பொய் சொல்லுமாக்கா?" என்றேன்.

பகல் முழுக்கத் தேருக்குப் பின்னால் நடந்தார். நான் போட்ட குட்டிக்கரணத்துக்கெல்லாம் சிரித்தார். விடிந்ததும் குளிர் காய்ச்சல். துணியை அவிழ்த்தால் முழங்கால்வரை சிவப்பு. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, சீனியும் இருப்பதால் கஷ்டம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அக்கா நூலைக் கேட்டார். காணோம் என்றேன். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

மழையில் அவரைக் கம்பளியில் வைத்துப் பெரிய ரோட்டுவரை தூக்கிவந்த லயத்துக்காரர்களுக்கும், கூலி வாங்காமல் தன் வானை ஓட்டிவந்த முதலாளிக்கும், கடைசிவரை கூட நின்ற அந்தத் தாதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கருமாதி முடிந்த அன்று அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழக்கதோஷத்தில், நடுவே ஒரு கேலியும் வந்துவிட்டது. அவள் முழுதாகக் கேட்டாள்.

"அம்மாவா இருந்தா சிரிச்சிருப்பாங்க மாமா. எனக்குச் சிரிப்பு வரல."