ரங்கூனுக்குப் போன தாண்ட்ரா

பழத்தை உலர்த்தி விற்கிறவனுக்கு வெயில்தான் முதலாளி. ராயபுரத்தில் அந்த முதலாளிக்கும் மேலே கடற்காற்று என்று ஒரு பெரிய முதலாளி உண்டு. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் வாசகர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ரங்கூன் அரிசி ஆலை ஒன்றில் இருபது வருஷம் தமிழிலும் இங்கிலீஷிலும் கடிதம் எழுதிவிட்டு, மனைவி இறந்த மறு மாதமே ஊர் திரும்பினவன் நான். மாம்பழக் கூழைப் பாயில் தடவி, காய்ந்ததும் அதன்மேல் மறுபடி தடவி, கடைசியில் தோல் மாதிரி உரித்தெடுக்கும் தாண்ட்ரா அவள் கைவேலை. பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

மை வைத்த மாம்பழம்

முதல் பாயை மொட்டை மாடியில் விரித்தேன். அன்றைக்குத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கினார்கள் போலிருக்கிறது. சாயங்காலம் போய்ப் பார்த்தால், பழம் காயவில்லை; கரித்தூள் மட்டும் நன்றாக ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு எல்லம்மா மீன் விற்றுவிட்டு வந்தவள், கூடையை இடுப்பில் வைத்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, மாம்பயத்துக்குப் போயி மை வச்சி வுட்டுக்கீறே! பொண்ணு பாக்க வராங்களா?"

பெட்டியுடன் பேச்சு

பிறகு ஒரு தேயிலைப் பெட்டியை வாங்கினேன். உள்ளே தகரம் அடித்து, மேலே ஓட்டைகள் போட்டு, நாலு மூங்கில் தட்டு சொருகி, அடியில் கணப்புச் சட்டி வைத்தேன். தணல் ஏறினால் பழம் கருகும், இறங்கினால் புளிக்கும். ஆகவே பகல் முழுக்கப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். "இரண்டாம் தட்டு இன்னும் ஒட்டுகிறதே" என்று நான்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருநாள் எல்லம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாரையும் காணாமல் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"பொட்டியாண்ட பேசிகினு இருந்தா அது பதில் சொல்லுமா? எங்க வூட்டாண்ட வா, ஒரு கரண்டி கொயம்பு ஊத்தறேன்."

கழுவின டப்பா

ரங்கூனில் என் மகள் பாக்கியம் இருக்கிறாள். நான் ஊர் திரும்பும் சேதியை, கப்பலில் ஏறிய பிறகு ஆள் விட்டுத்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் அழுவதைப் பார்க்கத் தைரியம் இல்லை. அதற்கப்புறம் அவளிடமிருந்து கடிதம் கிடையாது. எனக்கு இரண்டு பாஷை எழுத வரும். "தப்பு செய்துவிட்டேன்" என்று எழுத இரண்டிலும் வரவில்லை.

சின்ன வயதில் தாண்ட்ரா என்றால் அவளுக்கு உயிர். ரங்கூன் கப்பலில் கலாசியாக இருக்கும் காதர் பாயிடம் ஒரு பிஸ்கோத்து டப்பா நிறையக் கொடுத்தனுப்பினேன். கப்பல் புறப்படும் அவசரத்தில், பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு சுருட்டி மூடிவிட்டேன். டப்பாவுக்குள் வேர்த்து, போய்ச் சேருவதற்குள் எல்லாம் பூஞ்சைக்காளான் என்று காதர் பாய் பிற்பாடு சொன்னார்.

நம் வீடுகளில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பமாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அடுத்த மாதம் டப்பா திரும்பி வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். காதர் பாய் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணும் சொல்லல மாமு. களுவித் தொடச்சிக் குடுத்தாங்க."

முனுசாமியின் பல்

மறுபடி பூஞ்சை பிடிக்குமோ என்ற பயத்தில் அடுத்த தட்டுகளை இரண்டு நாள் கூடுதலாகக் காய வைத்தேன். தட்டினால் பலகை மாதிரி சத்தம் வந்தது. பேசின் பிரிட்ஜில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் முனுசாமி அதில் ஒரு துண்டு வாங்கிப்போனான். மறுநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"ஆடிகினே இருந்த பல்லு நைனா, ஒரே கடி, வந்துட்ச்சி. எங்க மாமியாளுக்கும் ஒரு துண்டு குடு."

இரண்டாம் டப்பா

ஆனி மாதக் கடைசிப் பழம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து எழும்பும் பக்குவத்தில் எடுத்தேன். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, விடிந்ததும் அரிசிமாவு தூவிச் சுருட்டி, அதே டப்பாவில் வைத்தேன். இந்தத் தடவையும் கழுவி வந்தால் பெட்டியை உடைத்து அடுப்பில் வைத்துவிடுவது என்று எல்லம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் காதர் பாய் வெறுங்கையோடு வந்தார். நான் அவர் கைகளையே பார்த்தேன். அவரே சொன்னார்.

"டப்பா அவங்க வச்சிகினாங்க மாமு. ஒங்க பேரப்புள்ள தெனம் ஒரு சுருள் துன்றானாம், பாதி கூட காலி ஆவல. அட்த்தவாட்டி வேற டப்பால போட்டு, அப்பாவையே எத்துகினு வரச் சொன்னாங்க."

ஆகவே வாசகர்களே, இப்போது மாம்பழமும் இல்லை, டப்பாவும் இல்லை, எந்த மாசக் கப்பலில் போவது என்று பெட்டியிடம் கேட்டால் அதுவும் பதில் சொல்லமாட்டேன் என்கிறது.