அப்பா மறந்த சார்ஜர்

புதுச்சேரியில் தெருவுக்கு நாலு வீட்டுக்காவது பிரான்சில் ஒரு ஆள் இருப்பார். எங்கள் வீட்டுக்கு இருந்தது அம்மாவின் தம்பி. நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், மே மாத லீவுக்கு எல்லோரும் கிளம்பி வந்துவிடுங்கள் என்று மாமா கூப்பிட்டார். பத்து நாளைக்கு ஒரு காம்பிங் கார் வாடகைக்கு எடுத்து அதிலேயே ஊர் ஊராகச் சுற்றலாம் என்றார். காம்பிங் கார் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி, நிறுத்துகிற இடம்தான் வீடு என்று அப்பா வீடு வீடாக விளக்கினார். எதிர்வீட்டு அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவ்வளவு வசதி உள்ள மனுஷன் ஓட்டலில் ஒரு ரூம் போடக் கூடாதா என்று கேட்டார்.

அப்பாவுக்கு உப்பளம் பகுதியில் ஒரு சின்ன ஸ்டூடியோ. முகூர்த்த நாளென்றால் கல்யாண மண்டபம், மற்ற நாளில் பாஸ்போர்ட் படம். ஸ்டூடியோச் சுவரில் ஒரு பெரிய துணி தொங்கும். அதில் பனி மலை, பைன் மரம், ஒரு நீல ஏரி. அதற்கு முன்னால் நின்றுதான் புதுசாகக் கல்யாணமானவர்கள் வேர்த்து வழிய வழியப் படம் எடுத்துக்கொள்வார்கள். பதினைந்து வருஷமாக அந்தப் பொய் மலையைப் படம் பிடித்து அப்பாவுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரே ஒரு நிஜ மலை போதும், தன் கையால் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டிவிட்டு இந்தத் துணியைக் கழற்றி எறிந்துவிடுவேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அதற்காக அவர் செய்த ஏற்பாடுகள் ஒன்றிரண்டல்ல. மாமாவிடம் வண்டியின் நீள அகலம் கேட்டு, மொட்டை மாடியில் சாக்பீஸால் அதே அளவுக்குக் கட்டம் போட்டார். இங்கே மாமா ஓட்டுவார், இங்கே பாப்பா படுப்பாள், இந்த ஜன்னல் ஓரம் நான் காமிராவோடு உட்காருவேன் என்று எழுதியே வைத்தார். நான் என் கட்டத்தில் போய்ப் படுத்துப் பார்த்தேன். அம்மா வடகம் காயப்போட வந்து, சமையலறை எது என்று கேட்டுவிட்டு அதற்குள் பாயை விரித்தாள்.

காமிராப் பையை அடுக்குவது அப்பாவுக்குப் பூஜை மாதிரி. கடல் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று தெருவில் யார் செருப்பு வாங்கினாலும் டப்பாவில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி வருவார். மழையில் நனைந்த சாமான்களை ஒரு ராத்திரி அரிசி டிரம்மில் புதைத்து வைப்பார். லென்ஸ்களைப் பழைய வேட்டித் துணியில் சுற்றுவார். கடைசியில் ஒவ்வொன்றின் பெயராகக் கூப்பிடுவார். அது இருந்தால் நான் தொட்டுப் பார்த்து, "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் போகும்போதும் இதே அட்டெண்டன்ஸ்தான். ஒரு மண்டபத்துக்குக்கூட அவர் எதையும் மறந்துவிட்டுப் போனதில்லை. அதில் அவருக்கு இருந்த கர்வத்தை அம்மா அடிக்கடி கிண்டல் செய்வாள்.

பெட்டிகளை எடை போட்டது தெருமுனை அரிசிக் கடையில். மூட்டை நிறுக்கிற மிஷினில் எங்கள் பெட்டி மூன்று தடவை ஏறி இறங்கியது. மாமாவுக்கு என்று அம்மா கட்டிய கருவாடும் மிளகாய்த்தூளும் ஒரு பக்கம், அப்பாவின் டிரைபாட் ஒரு பக்கம். ஒரு கிலோ கூடினாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று அப்பா சொல்ல, அப்படியானால் மூன்று கால் எதற்கு, இரண்டு போதாதா என்றாள் அம்மா.

அப்புறம் விசா வந்தது. மூன்று பேர் கேட்டதில் இரண்டு பேருக்கு. அம்மா அரசாங்கப் பள்ளியில் டீச்சர், அவளிடம் சம்பளச் சீட்டு இருந்தது. அப்பாவிடம் இருந்ததெல்லாம் கல்யாணத் தேதிகளைக் குறித்து வைத்த ஒரு நோட்டு. திரும்பி வந்துவிடுவார் என்பதற்கு அது போதவில்லை போலிருக்கிறது. அம்மா தானும் போகவில்லை என்று பெட்டியை மூடினாள். அப்பாதான் விடாமல் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மறுநாளே அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தன்னுடைய கட்டத்தில் உட்கார வைத்து, ஓடுகிற வண்டியிலிருந்து மலையை எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அம்மா தண்ணீர்த் தொட்டியை மலையாக வைத்து எடுத்துப் பழகினாள். நடுவில் ஒரு தடவை காமிராவுக்குப் பின்னாலேயே முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. நீங்க ஏன் வரலை என்று நான்தான் அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் பைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பேட்டரி முனைகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எடை கூடிப்போச்சு பாப்பா. அதான் என்னை எறக்கி விட்டுட்டாங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

அவருக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. நானோ அன்று முழுக்க அதே யோசனையாக இருந்தேன். கிளம்புகிற நாள் மத்தியானம், அட்டெண்டன்ஸ் எல்லாம் முடிந்து அப்பா வாடகைக் கார் பார்க்கப் போனார், அம்மா குளிக்கப் போனாள். நான் பெட்டியைத் திறந்து முதலில் என் கலர் பென்சில் டப்பாவை எடுத்தேன். என் புது ஷூவை எடுத்தேன். அவ்வளவு போதுமென்று தோன்றவில்லை. காமிராப் பையைத் திறந்து, லென்ஸைத் தொடப் பயந்து, இரண்டு பேட்டரி போடுகிற அந்தக் கறுப்பு சார்ஜரை ஒயரோடு தூக்கிப் பார்த்தேன். கையில் கனமாக இருந்தது. அதற்கு ஈரம் ஆகாது என்று தெரியுமாதலால் பாலிதீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்தேன். அரிசி அம்மாவின் இலாகா. மழை வந்தாலொழிய அப்பா அங்கே வரப்போவதில்லை, பத்திரமாக இருக்கும்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியை வைத்ததும் எண்ணைப் பார்த்தேன். இரண்டு கிலோவுக்கு இடம் மிச்சம் இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அம்மா, எடம் இருக்குது. அப்பாவக் கூப்புடு" என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா கையை உயர்த்தி, போ போ என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். போய் இறங்கியதும் முதல் வேலையாக அப்பாவிடம் போனில் இதைச் சொல்லி அழுதாள்.

காம்பிங் கார் அப்பா வரைந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அம்மா முதல் மூன்று நாளும் மாடு, தேவாலயம், மாமா பல் விளக்குவது என்று ஒன்று விடாமல் எடுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி பேட்டரியும் தீர்ந்தது. மலை மறுநாள்தான் வரும். பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்கள். நானும் கூடவே மும்முரமாகத் தேடினேன். பிறகு மாமா ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏங்க, சார்ஜர எங்க வெச்சீங்க?" என்றாள் அம்மா.

லைன் போய்விட்டதோ என்று மாமா போனைத் தட்டினார்.

"நான்தான் மறந்துட்டேன்" என்றது அப்பாவின் குரல். "இங்க மேஜ மேலயே கெடக்குது. பாப்பா சாப்டாளா?"

அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பதினைந்து வருஷக் கர்வமெல்லாம் இதற்குத்தானா என்று கேட்டாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார், தாலி கட்டும் நேரத்தில் இப்படி மறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் மலை வந்தபோது அம்மா மாமாவின் போனில் எடுத்தாள். வண்டிக் கண்ணாடியில் பட்ட வெளிச்சமும் அம்மாவின் கட்டை விரலும் தெளிவாக விழுந்திருந்தன. மலை கலங்கிப்போயிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் சமையலறைக்கு ஓடி டிரம்முக்குள் கையை விட்டேன். அரிசி பாதியாகக் குறைந்திருந்தது. சார்ஜர் இல்லை, அது அப்பாவின் மேஜைமேல் இருந்தது. நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? ஈரத்துக்காகத் தன் கையாலேயே அதை அரிசியில் போட்டு மறந்துவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டார் என்று. நாங்கள் போன அன்றே, தனி ஆளாகத் தனக்கு மட்டும் உலை வைக்க அவர் அந்த டிரம்மில் கையை விட்டிருப்பார், போனில் அம்மா அழுததையும் அதையும் சேர்த்துப் பார்த்திருப்பார் என்பதெல்லாம் ஒன்பது வயதுக்கு எட்டவில்லை.

சாயங்காலம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சார்ஜரை மறந்த போட்டோகிராபர் கதையை அம்மா நடித்தே காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் மாட்டிக்கொள்ளவில்லை என்ற சந்தோஷத்தில், எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன்.