ஷாஹீனுக்கு என்ன போஸ்ட்டு?

நெல்லித்தோப்பு ஷாஹீன் மேட்டுப்பாளையத்தில் ஒரு பாட்டில் மூடி ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, மூடிகளைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்குவதுதான் வேலை. வருஷம் ஓட ஓட வேலையும் வளர்ந்தது. பில் போடுவது, லாரி பிடிப்பது, மிஷின் விற்றவனோடு சண்டை போடுவது, முதலாளி செம்மல் வீட்டு அம்மாவின் ஜாக்கெட்டை டெய்லரிடம் வாங்கி வருவது, எல்லாம் அவள்தான். வருகிறவர்கள், "இவங்க யாரு?" என்று கேட்டால், "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பார் செம்மல். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுப் பெண்ணுக்கு யார் புரமோஷன் கொடுக்கிறார்கள்?

ஒரு புதன்கிழமை, காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, டவுனில் ஒரு பெரிய கம்பெனி நடத்திய இன்டர்வியூவுக்குப் போனாள்.

"இப்ப என்ன போஸ்ட்ல இருக்கீங்க?" என்று கேட்டார்கள்.

யோசித்துப் பார்த்தாள். "எல்லாமும்தான்" என்றாள்.

வெளியே வந்தால், நாற்காலியில் அவள் ஃபேக்டரி மிஷின் ஆபரேட்டர் கன்னியப்பன். பல்வலி என்று லீவு போட்டவர். பக்கத்திலேயே, அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று போன பேக்கிங் அபி.

"பல்வலி எப்படிண்ணா இருக்கு?"

"உன்னப் பாத்ததும் போயிடுச்சும்மா."

அவர்கள் இன்டர்வியூவும் முடிந்ததும், மூவரும் சிரித்துக்கொண்டே எதிரில் டீக்கடைக்குப் போனார்கள்.

"சம்பளத்துக்காக வரலம்மா" என்றார் கன்னியப்பன். "அந்தக் கெழட்டு மிஷின் நின்னா, எல்லார் முன்னாடியும் என்னத்தான திட்றாரு."

"எனக்கு அதே டேப், அதே பெட்டிக்கா" என்றாள் அபி. "புதுசா ஒண்ணுமே கத்துக்கல."

அந்த நேரம் பார்த்து செம்மல் போன் செய்தார். "ஷாஹீன், காய்ச்சல் எப்படிம்மா இருக்கு? இங்க மிஷின் நின்னுபோச்சு. கன்னியப்பன் போனே எடுக்கல."

பொய் சொல்லச் சலிப்பாக இருந்தது அவளுக்கு. "இங்கதான் சார் டீ குடிச்சிட்டிருக்காரு. அபியும் இருக்கா. மூணு பேரும் வேற வேலைக்கு இன்டர்வியூ வந்தோம்."

"எந்தக் கடை?" என்றார் செம்மல்.

சட்டையெல்லாம் கிரீஸோடு பைக்கில் வந்து இறங்கினார். கத்தப் போகிறார் என்று பார்த்தால், ஒரு டீ சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காலையிலேர்ந்து அந்த மிஷினோட மல்லுக்கட்டினேன் கன்னியப்பா. அது உன் தப்பே இல்லன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. சரி, மத்ததயும் சொல்லுங்க."

சொன்னார்கள். ஷாஹீன் கடைசியாகச் சொன்னாள்: "என்ன வேலை பாக்கறேன்னு கேட்டாங்க சார். சொல்லத் தெரியல."

"நானும் யோசிச்சதே இல்லியேம்மா" என்றார் செம்மல். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அபிக்கு அந்தப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. பிரியாணி போட்டு அனுப்பி வைத்தார்கள், சந்தோஷமாகத்தான் போனாள். புது மிஷின் வந்தது, கன்னியப்பன் தங்கிவிட்டார். ஷாஹீன் ஃபேக்டரி மேனேஜர் ஆனாள். டெய்லர் கடைப் பக்கம் போவதும் நின்றது.

மேனேஜர் ஆன அன்றைக்கே அவள் முதலாளியிடம் சொன்னாள்: "ஆளுங்க முன்னாடி யாரையும் திட்டாதீங்க சார். திட்டணும்னா என் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

"உனக்கு ஏதும்மா ரூமு?"

"அதத்தான் சார் அடுத்து கேக்கலாம்னு இருந்தேன்."