வாசலிலேயே ஓடிய கார்

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்தி, மஞ்சள் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் துடைத்துக் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மஞ்சள் துணி எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி இருக்கிறது. சட்டைப் பையில் இருக்கும், தலையணைக்கு அடியில் இருக்கும், ஒருமுறை சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது. தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பளபளா’. அது அவருக்கும் தெரியும். பெருமை வேறு!

இந்த மனிதர்தான் ஒரு பழைய டீசல் காரை வாங்கிக்கொண்டு வந்தார். காரணம் எங்கள் மகள். அவள் வெளியூரில் இருக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. வயிற்றில் பிள்ளையோடு அவள் மட்டும் தனியாக. வலி எடுத்தால் உடனே போய் நிற்க வேண்டும், அதற்குத்தான் கார். "நீ கூப்பிட்டா போதும்டா, அப்பா ஓட்டிட்டு வந்து நிப்பேன்" என்று போனில் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஊருக்கு முழுக்க முழுக்க நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும்.

வாங்கிய கையோடு மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். "முன்னாடி வெச்சிருந்தவங்க என்ன பண்ணாங்க, என்ன பண்ணலன்னு நமக்குத் தெரியாது. இஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாத்தையும் மாத்திடலாம். பெல்ட்டையும் பார்த்துடலாம்" என்றார். எல்லாம் மாற்றினோம். கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "இது டீசல் வண்டிங்க. வாசல்ல ஸ்டார்ட் பண்ணி அணைச்சிட்டே இருந்தா புகைக்குழாய்ல இருக்கிற ஃபில்டர்ல கரி அடைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது பெரிய ரோட்ல விட்டு நல்லா ஓட்டுங்க. சூடேறினாத்தான் அந்தக் கரி எரியும்."

அந்தக் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் ஒழுங்காகச் செய்தார்.

காலையில் எழுந்ததும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைப்பார், மறுபடி உள்ளே விட்டு உருவிப் பார்ப்பார். டயரில் காற்றுப் பார்ப்பார். கூலன்ட் பார்ப்பார். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து அதன் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திப் பார்ப்பார். பிறகு இஞ்சினை ஸ்டார்ட் செய்து, தான் டீ குடித்து முடிக்கும்வரை வாசலிலேயே உறும விடுவார். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைப் படீரென்று சாத்துவாள். இவர் காதில் விழாது. அணைத்துவிட்டு, மஞ்சள் துணியால் கண்ணாடி, கதவு, கைப்பிடி எல்லாம் துடைத்து, உறை போட்டு மூடுவார். அப்புறம் பஸ் பிடித்து வேலைக்குப் போவார். காரை வாசலில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தொங்குகிற மனிதரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

"என்னங்க, எங்கேயாவது தூரமா ஒரு நடை போயிட்டு வரலாமே?"

"வேணாம்மா, வண்டிக்கு அலுப்பாயிடும். பொண்ணு கூப்பிடுற அன்னிக்கு ஃப்ரெஷ்ஷா இருக்கணும்."

"அது என்ன பூவா, வாடிப்போறதுக்கு?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

எனக்கா புரியாது? மொத்த வியாபார மருந்துக் கடைக்கு டெலிவரி வேன் ஓட்டியவள் நான். மழையிலும் ஓட்டியிருக்கிறேன், பிரேக் பாதி பிடிக்காத வேனிலும் ஓட்டியிருக்கிறேன். சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டிவிட்டு வருகிறேன் என்று கேட்டால், "பழைய வண்டி, அதோட குணம் தெரியாது, முதல்ல நான் பழக்கி வெக்கிறேன்" என்பார். சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில், மஞ்சள் துணிக்கு அடியில் பத்திரமாக இருக்கும். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்தத் துணியை அடுப்பில் போட்டிருப்பேன்.

நினைத்த மாதிரியே ஒருநாள் டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "கரி அடைக்க ஆரம்பிச்சிருச்சும்மா. இப்பவே பெரிய ரோட்ல ஓட்டினா சரியாயிடும். அப்படியே விட்டீங்கன்னா ஒருநாள் நடுரோட்ல இழுக்காம நின்னுடும்" என்றார். நடுரோட்டில் நிற்கப்போகிற காரை நம்பியா மகள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்? இவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கறுப்பு டேப்பைக் கிழித்து அந்த விளக்கின்மேல் ஒட்டினார்.

"கண்ணை உறுத்துதும்மா" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

மறுநாள் அவசரத்தில் சட்டை மாற்றிக்கொண்டு போனவர், சாவியைப் பழைய சட்டையிலேயே விட்டுவிட்டார். நான் யோசிக்கவே இல்லை. உறையை உருவி எறிந்துவிட்டுக் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் முதலில் திணறிய கார், போகப் போகத் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்ட மாதிரி சீறிப் பாய்ந்தது. சந்தோஷத்தில் ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தேன். திரும்பும்போது டேப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன், விளக்கு அணைந்திருந்தது. முகப்பு முழுக்கப் பூச்சிகள் அப்பியிருந்தன. துடைக்கவில்லை. பார்க்கட்டும், கத்தட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

அன்று இருட்டிய பிறகுதான் வந்தார். மறுநாள் காலையில் அந்தப் பூச்சிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். டேப்பை உரித்தார். "பார்த்தியா, விட்டுப் பிடிச்சா எல்லாம் தானா சரியாயிடும்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வாரமே மகளிடமிருந்து போன். "அம்மா, வலி வந்துடுச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அப்பாவைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க."

இவர்தான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். ஊருக்குள் நன்றாகத்தான் ஓட்டினார். நெடுஞ்சாலை சேரும் இடத்துக்கு வந்ததும் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காரையே அசைத்துவிட்டுப் போயின. பின்னால் ஒருவன் ஹாரனில் கை வைத்தபடி நின்றான்.

"என்னங்க, போங்களேன்!"

அவர் போகவில்லை. ஸ்டீயரிங் அவர் கை வேர்வையில் ஈரமாகியிருந்தது. "எனக்கு இந்த ரோடுன்னாலே பயம்மா. லாரி பக்கத்துல வந்தா கண்ணு இருட்டிடுது. நீ ஓட்டு" என்றார்.

"இதைக் கார் வாங்கின அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்னங்க?"

"பொண்ணுகிட்ட நான் ஓட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேனே. எப்படியாவது தைரியம் வந்துடும்னு பார்த்தேன்."

இடம் மாறி உட்கார்ந்தோம். கோபத்தில் கியரை முறித்துவிடுவேன் போல இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மெல்லச் சொன்னார். "அன்னிக்கும் நீதானே ஓட்டின? பூச்சி ஒட்டியிருந்துச்சே."

"தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?"

"அப்பாடான்னு இருந்துச்சு" என்றார். அப்புறம் ஊர் வரும்வரை உள்பக்கமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கார் ஒரு இடத்திலும் திணறவில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி படுத்திருந்தாள். இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "சொன்ன மாதிரியே ஓட்டிட்டு வந்துட்டீங்களேப்பா!"

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றே இருந்தேன்.

"அம்மாதான்டா ஓட்டினா. நான் துடைச்சிட்டு வந்தேன்" என்றார்.

"ஐயோ, சிரிக்க வெக்காதீங்கப்பா, வலிக்குது" என்று அவள் அழுகையும் சிரிப்புமாக அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வழிநெடுகத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததில் பாதி எனக்கு மறந்தே போய்விட்டது. மீதியை வீட்டுக்குப் போய்த் திட்டிக்கொள்ளலாம்.