புளித்தண்ணியில் போட்ட தோடு

எனாமல் தோடுதான் வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டபோதே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? எனக்கு அந்த வயதிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும். என் தங்கையின் நிச்சயத்துக்கு வந்து உட்கார்ந்த அந்த அம்மாள், பெங்களூரிலிருந்து வந்த யாரோ ஒருத்தியின் காதில் மயில் கழுத்து நிறத்தில் தோடு பார்த்தாளாம். "அந்த மாதிரி எனாமல் வேலையெல்லாம் உங்க ஊருப் பத்தருங்களுக்கு வருங்களா?" என்று கேட்டாள். ராசிபுரத்தில் மூன்று தலைமுறையாகத் தங்கம் அடிக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க வராது? நானே செய்யறேன்" என்று சொல்லிவிட்டேன். எனாமல் எதனால் ஆனது என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எங்கள் அப்பா அப்போது உயிரோடு இல்லை. தங்கைக்கு அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. இரண்டாவது இடம் போனது என் வாயால்தான் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மூன்றாவது இடத்தைத் தேடிக்கொண்டு வந்தவரும் அவர்தான். வந்தவர்கள் கிளம்பிப் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசந்தான் இருக்குது. முகூர்த்தத்தன்னைக்கு அந்தத் தோடு அவ காதுல இல்லீன்னா அவிங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. அப்பறம் இவ இந்த ஊட்டுலயேதான் கெடப்பா, பாத்துக்க" என்றார். அவர் சொன்னது நிஜம்தான். நிஜத்தைச் சொன்னதற்காகவே அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்பா போனபின் அம்மா கழற்றி வைத்திருந்த தோட்டை எடுத்துக் கொடுத்தாள். அதை உருக்கித்தான் புதுத் தோடு செய்ய வேண்டும், வேறு தங்கம் வீட்டில் இல்லை. தங்கைக்குப் பதினெட்டு வயது. பட்டறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து கம்பி இழுப்பாள், ஊதுகுழல் ஊதுவாள், சங்கிலிக்கு வளையம் கோப்பாள். என் கோபத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் எனாமல் சுடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். போய்ப் பார்த்தால் அவர் நகை வேலைக்காரரே இல்லை, தகர வேலைக்காரர். தகரப் பெட்டியும் விளக்கும் செய்துகொண்டிருந்தவர், தாலுகா கச்சேரிச் சேவகர்கள் மார்பில் மாட்டிக்கொள்கிற பித்தளை வில்லைகளுக்கு நீலத்திலும் சிவப்பிலும் எழுத்து வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பத்தன் போய்த் தகரக்காரனிடம் தொழில் கேட்பதா என்று வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றேன். தங்கையை நினைத்துத்தான் உள்ளே போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. "நான் தங்கம் தொட்டதில்லீங்க பத்தரே. வில்லைக்குச் செய்யறதைக் காட்டறேன், பாத்துக்குங்க. அதுக்குப் பதிலா எனக்கு எழுத்துப் பள்ளம் செதுக்கிக் குடுங்க" என்றார்.

செதுக்குவதில் என் கை சுத்தம். அவருடைய வில்லைகளில் ஒரே ஆழத்தில் எழுத்து வெட்டிக் கொடுத்தேன். அவர் எனக்கு மற்றதைக் காட்டினார். நிறக் கண்ணாடிக் கட்டியைக் கல்வத்தில் போட்டு மாவாக இடிக்க வேண்டும். தண்ணீர் விட்டு அலசி அலசி, மேலே நிற்கிற பால் போன்ற கலங்கல் போகும்வரை கொட்ட வேண்டும். சோம்பல்பட்டு இரண்டு தடவையோடு நிறுத்தினால் சுட்டபின் நிறம் மங்கிப் போகும். ஈரப் பொடியைச் சின்னக் கரண்டியால் அள்ளிப் பள்ளத்தில் வைத்து, துணியை ஒற்றி ஈரத்தை எடுத்து, உலை ஓரத்தில் காயவைக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் மிச்சம் இருந்தாலும் உலைக்குள் பொடி தெறித்துவிடும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் கண்ணாடி ஒட்டாது. அவர் எதையும் மறைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பிறகு அப்படித்தான் சொன்னேன், நாலு பேர் நடுவில் நின்று சொன்னேன்.

மத்தியானம் உலை நன்றாகப் பழுத்ததும் எல்லா வில்லைகளையும் ஒரே தடவையில் சுடுவார். சர்க்கரை மாதிரி சொரசொரவென்று இருந்த பொடி இளகி, வழவழவென்று மினுங்கும். அதுவரைக்கும் நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அந்த நேரத்துக்குச் சரியாக அவருடைய மனைவி இலையைப் போடுவாள். எனக்கும் சேர்த்துத்தான் போடுவாள். "உக்காருங்க பத்தரே, ஒரு வாய் சாப்பிடுங்க" என்பாள், தினமும். நாங்கள் பூணூல் போட்டவர்கள், மற்றவர் வீட்டில் கை நனைப்பதில்லை. அதை அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வராது. "வேலை இருக்குதுங்க" என்று முணுமுணுத்துவிட்டு, அரை மைல் தள்ளி இருந்த உறவுக்காரர் வீட்டுக்கு வேகுவேகென்று நடப்பேன். சாப்பிட்டுத் திரும்பி வரும்போது வில்லைகள் ஆறி, துடைத்து வரிசையாக வைத்திருக்கும். இரண்டு மாதமும் இதே கதைதான்.

ஊருக்கு வந்து, அம்மாவின் தங்கத்தை உருக்கி இரண்டு தோடு செய்தேன். மயில் தோகைக்குப் பள்ளம் செதுக்கினேன். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. முதல் தோட்டில் நீலப் பொடியை வைத்துக் காயவைத்து, சேலத்தில் பார்த்த மாதிரியே நான் கட்டியிருந்த சின்ன உலைக்குள் விட்டேன். தங்கை எதிரே உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொடி இளகியது, மினுங்கியது. குறட்டால் பிடித்து வெளியே எடுத்தேன். எடுத்த கை அப்படியே பக்கத்தில் இருந்த புளித்தண்ணிச் சட்டிக்குப் போய்விட்டது.

பத்தர் பட்டறையில் பிறந்தவனுக்கு அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை. நெருப்பில் பழுத்த தங்கத்தில் கருப்பு ஏறும். அதைப் புளித்தண்ணியில் போட்டால் 'சொய்ங்' என்று சத்தம் வரும், கருப்பு விட்டுப் போகும். பல் முளைத்த காலத்திலிருந்து கேட்ட சத்தம் அது. இந்தத் தடவை அதோடு படபடவென்று இன்னொரு சத்தமும் வந்தது. எடுத்துப் பார்த்தால் பள்ளத்தில் ஒட்டியிருந்தது நாலு நீலச் செதில்தான். மற்றதெல்லாம் நொறுங்கிச் சட்டிக்கு அடியில் கிடந்தது.

சட்டியை எட்டி உதைத்தேன். "அந்தத் தகரக்காரன் என்னை ஏமாத்திட்டான். உலையைத் தொறக்கற நேரத்துக்கெல்லாம் என்னைய வெளிய அனுப்பிட்டு, முக்கியமானதை மறைச்சுட்டான்" என்று கத்தினேன். தெருவில் பாதிப் பேர் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. தங்கை தரையில் கொட்டிய புளித்தண்ணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போனபின், "அவரு உங்களை வெளிய அனுப்பினாருங்களா, நீங்களே சாப்பிட வெளிய போனீங்களா?" என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேள்வி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் சேலம் போனேன். வழியெல்லாம் அவனை எப்படிக் கேட்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். பட்டறைக்குள் நுழைந்து, நாசமான தோட்டை அவர் முன்னால் போட்டு, "ஏய்யா, இதுக்குத்தான் ரெண்டு மாசம் உனக்கு ஒழைச்சேனா?" என்று கேட்டேன். அவர் தோட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூட்டோட தண்ணியில போட்டீங்களா?"

"புளித்தண்ணியில போட்டேன். போடாம?"

"கொதிக்கற கண்ணாடியைத் தண்ணியில போட்டா நிக்குங்களா பத்தரே?"

"போடக்கூடாதுன்னு நீ சொன்னியா?"

"நீங்க போடுவீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? எங்க பட்டறையில புளித்தண்ணியே கெடையாதுங்களே. ஊட்டுல இருக்கற புளி ரசத்துக்கே பத்தறதில்லை."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அவர் கேலி செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். இப்படிச் சொன்ன ஆளை என்ன செய்வது? கொண்டுபோன கோபத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். "ஆற வெக்கறது எப்படி?" என்று கேட்டேன். "இன்னைக்கு இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டி எடுத்து, புதுப் பொடி வைத்தோம். மத்தியானம் அவருடைய வில்லைகளோடு என் தோடும் உலைக்குள் போயிற்று. வெளியே எடுத்ததும் உலைக்கு அடியிலிருந்து சுடு சாம்பலை அள்ளி ஒரு சட்டியில் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் புதைத்து மூடினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானுங்க. சோறு தின்னு, வெத்தலை போட்டு எந்திரிச்சா ஆறியிருக்கும்."

இரண்டு மாதமாக நான் தெருவில் நடந்துகொண்டிருந்த நேரம் அது. என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் மனைவி வழக்கம்போல எனக்கும் இலை போட்டிருந்தாள், ஆனால் இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். சோளச்சோறும் கொள்ளுச்சாறும். கதவு திறந்திருக்கிறதே, யாராவது தெரிந்தவன் பார்த்துவிடுவானோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போயிற்று. சாப்பிட்டு எழுந்து சாம்பலைக் கிளறியபோது தோடு முழுசாக, மயில் கழுத்து நிறத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டாவது தோட்டை நானே சுட்டு, சாம்பலில் ஆறவைத்தேன். ஜோடியாகத் தங்கையின் கையில் கொடுத்து, அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன், சாப்பிட்டதையும் சேர்த்து. அவள் தோட்டைப் பார்த்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு அவிங்களைக் கூப்பிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "கூப்பிடுங்க. தெரு முச்சூடும் அவரைத் திருடன்னு சொல்லி வெச்சிருக்கறீங்க. அவரு நம்ம பந்தியில உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடோணும். அதுக்கப்பறந்தான் இதை நான் காதுல போடுவேன்."

"பைத்தியமா உனக்கு? பெரியப்பா உடுவாரா?" என்று கத்தினேன். அவள் தோட்டைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊதுகுழலை எடுத்தாள். அவளோடு யார் மல்லுக்கட்டுவது? மறுநாள் வெற்றிலை பாக்கோடு சேலம் போய் அழைத்துவிட்டு வந்தேன்.

முகூர்த்தம் பத்து மணிக்கு மேல். காலைப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அவரும் மனைவியும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் எதிரே போய் உள்ளே கூட்டிக்கொண்டு வருவதற்குள் பெரியப்பா குறுக்கே வந்து என் கையைப் பிடித்தார். "யாரு, அந்தத் தகரக்காரனா? ஒறம்பரை சனம் அத்தனை பேரும் பந்தியில இருக்கறாங்க. ஒருத்தன் எலையை உட்டு எந்திரிச்சாலும் கல்யாணம் நின்னு போயிரும். அரிசி பருப்புக் குடுத்து அனுப்பு" என்றார். சமைத்ததைச் சேர்ந்து உண்ண முடியாதவர்களுக்குச் சமைக்காததைக் கொடுத்து மரியாதை செய்வது எங்கள் வழக்கம். மரியாதையாம்.

ஊரே பயப்படுகிற முன்கோபி நான். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசினேனா? பெரியப்பாவின் கையை உதறினேனா? புளித்தண்ணிச் சட்டியை உதைக்கப் பாய்ந்த கால் அன்றைக்கு நகரவில்லை. உள்ளே போய் ஒரு கூடையில் அரிசி, பருப்பு, வெல்லம், இரண்டு சீப்பு வாழைப்பழம் எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன். அவர் கூடையைப் பார்த்தார். மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லீங்க பத்தரே. எங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அறைக்குள் தங்கை பட்டுச் சேலை கட்டி, தோடு போடாத காதில் வேப்பங்குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தடவை வந்து காதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாளாம். என்னைக் கண்டதும் தங்கை இடுப்பிலிருந்து துணி முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டாருங்களாண்ணா?"

"சாப்பிட்டாரு."

"உங்க பக்கத்துலயா?"

"எம் பக்கத்துலதான்."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. குச்சியை உருவிப் போட்டுவிட்டுத் தோட்டைக் காதில் ஏற்றினாள். ஒரு பக்கத்துத் திருகாணி அவளுக்கு எட்டவில்லை. "நீங்களே முடுக்கி உடுங்கண்ணா" என்று தலையைச் சாய்த்தாள். முடுக்கிவிட்டேன்.