இரண்டாவது பெட்டிக்கு ஒரு வீடு

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பாதிக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் ஜெயராஜ். எந்த மாமியார் மேடையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பது ஐயரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்டவர் அன்று கம்ப்யூட்டர் கடையில் அடங்கி நின்றார். பழைய ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. செத்துப்போன மனைவி மாதவியின் குரல் அதில்தான் இருந்தது.

விளக்குப் பிடிக்கக் கூடவே போனவள் மாதவி. படத்தில் விழமாட்டாள், குரல் மட்டும் விழும். எடிட் செய்ய உட்கார்ந்தால் ஜெயராஜ் முதல் வேலையாகப் பேச்சையெல்லாம் அழித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். முப்பது வருஷம் அப்படியே அழித்தார். அவள் போன பிறகு தேடினால், பேச்சோடு மிஞ்சியிருந்தது கிள்ளான் வீரம்மாவின் மகள் கல்யாணம் ஒன்றுதான்.

“பெருசா ஒரு ஹார்ட் டிஸ்க் குடும்மா. எட்டு டிபி.”

“எட்டுல ஒன்னு வேணாம் அங்கிள். நாலுல ரெண்டு எடுங்க,” என்றாள் கடைப்பெண் வாணி. “ரெண்டுலயும் காப்பி போட்டு, ஒன்ன வேற யார் வீட்லயாவது வைங்க. வெள்ளம் வந்தாலும் ஒன்னு தப்பிச்சிடும்.”

“யார் வீட்ல?”

“தெரிஞ்சவங்க வீடுதான் லா.”

“எனக்கா ஆளில்ல? ஆயிரம் கல்யாணத்துல சாப்பிட்டவன்மா நான்.”

வெளியே வந்து போனைத் தடவினார். ‘காஜாங் நிச்சயம்’, ‘அம்பாங் கல்யாணம்’ என்று ஊர்ப் பெயராகவே வரிசையாக வந்தது. ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. ‘கிள்ளான் கல்யாண’த்தை அழைத்தார்.

“வீட்ல இனிமே கல்யாணம் ஒன்னும் இல்ல தம்பி,” என்றாள் வீரம்மா, எடுத்த எடுப்பில்.

“வேலைக்குக் கேக்கலக்கா. ஒரு சின்னப் பெட்டி, உங்க அலமாரில கெடக்கட்டும். பாப்பா கல்யாணமும் அதுல இருக்கு.”

“அவ டைவர்ஸ் ஆயி ரெண்டு வருஷமாச்சு. அத அழிச்சிடுங்க தம்பி. கண்ணுல பட்டா தாங்கமாட்டா.”

வேறு நாளாக இருந்தால் இந்தச் சங்கதி சாயங்காலத்துக்குள் பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி வந்திருக்கும்.

“சரிக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குள் திரும்பினார்.

“வீடு கெடச்சிச்சா அங்கிள்?” என்றாள் வாணி.

“கிள்ளான்ல. பெரிய வீடு லா. ரெண்டு குடு.”

வீட்டில் இரண்டிலும் காப்பி ஏறி முடிந்ததும், ஒன்றை டிவி பக்கத்தில் வைத்தார். இன்னொன்றைச் சமையலறையில், மாதவி மிளகாய்த்தூள் வைக்கும் தட்டில் வைத்து, நடுக்கதவைச் சாத்தினார். இரண்டு வீடு ஆயிற்று.

பிறகு கல்யாணத்தை ஓட்டினார்.

“தங்கச்சி, தலைய நிமித்து லா. அழகாத்தானே இருக்க,” என்றாள் மாதவி. மணப்பெண் நிமிர்ந்து சிரித்தாள்.

கிள்ளானுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பதுபோல் ஜெயராஜ் சத்தத்தைக் குறைத்தார். அந்த இடத்தையே மறுபடி ஓட்டினார்.